காதல் தோல்விப் பாட்டைப் பதிவு செய்வதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் புதிதாகத் தொடங்கும் பொப்-றொக் குழுக்களின் முதற்பாட்டு பெரும்பாலும் காதல் தோல்வியைப் பற்றியதாகவே இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், எங்கள் காலத்துக் குழுக்கள் பணத்தைக் கரைத்த அதே இடங்களில் இவர்களும் கரைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மெட்ரோனோமின் தாளத்துடிப்புக்கு வாசித்துப் பழகுவது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

கிற்றாருக்கு வசதியான சுருதி

மெட்டமைப்பவர் பெரும்பாலும் கிற்றார்காரர் என்பதால், திறந்த தந்திகள் நன்றாக ஒலிக்கும் மூன்று கட்டையிலேயே (E சுருதி) பாட்டு பிறந்துவிடுகிறது. பாடுபவரின் குரல் எந்தக் கட்டையில் நிற்கும் என்று எவரும் கேட்பதில்லை. ஒத்திகையில் ட்ரம்ஸ் சத்தத்துக்கு மேலால் கத்திப் பாடுவதால் குறை தெரிவதுமில்லை. மைக்கின் முன் குரல் தனியே நிற்கும்போதுதான், சரணத்தின் கீழ்ச்சுரங்கள் வெறும் மூச்சாகிவிடுவதும், பல்லவி வந்த பின்னரும் குரல் பேச்சளவிலேயே நிற்பதும் வெளிப்படுகின்றன. அடக்கி வைத்த துயரம் பல்லவியில் உடைய வேண்டுமானால், அதன் உச்சச் சுரம் பாடுபவர் சற்றுச் சிரமப்பட்டுத் தொடும் இடத்தில் இருக்க வேண்டும்.

அண்மையில் ஒரு குழு கிற்றார், பேஸ், கீபோட் அனைத்தையும் பதிவு செய்து முடித்த பின்பே பாடகரை உள்ளே அனுப்பியது. இரண்டு வரி பாடியதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது; ஆனாலும், "அண்ணை, இதைக் கொம்பியூட்டரிலை ஏத்தேலாதோ?" என்று கேட்டார்கள். ஏற்றலாம். மூன்று அரைச்சுரம் ஏற்றினால் கிற்றார் தகரம்போல் ஒலிக்கும். குரலையும் அப்படி ஏற்றினால் அது அவருடைய குரலாக இராது. கடைசியில் ட்ரம்ஸ் மட்டுமே மிஞ்சியது, மற்றவற்றுக்கு ஸ்ரூடியோ வாடகை மீண்டும் கட்டப்பட்டது. ஒத்திகைக் காலத்திலேயே கிற்றார்க் கழுத்தின் மூன்றாம் ஃப்ரெட்டில் ஒரு கப்போவை (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டியிருந்தால், அதே விரல்பிடிப்பில் பாட்டு ஐந்து கட்டைக்கு (G) ஏறியிருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல். ட்ரம்ஸ் இல்லாமல், ஒரு கிற்றாரும் குரலும் மட்டுமாகக் கப்போவை நகர்த்தி நகர்த்திக் கைபேசியில் பதிந்து, மறுநாள் கேட்டால் எந்தச் சுருதி என்று தெரிந்துவிடும். அதற்குச் செலவே இல்லை.

லிமிட்டரை இறுக்குதல்

லிமிட்டர் என்பது ஒலியின் உச்சங்களை நசுக்கும் கருவி; பாட்டு உரத்து ஒலிக்கட்டும் என்று அதை இறுக்குகிறார்கள். ஆனால், ஸ்பொட்டிஃபை, யூரியூப் ஆகியவை உரத்த பாடல்களை ஏறத்தாழ −14 எல்.யூ.எஃப்.எஸ் (கேட்கும் உரப்பின் அளவு) அளவுக்குத் தாமாகவே தணித்துவிடுகின்றன. நசுக்கிய பாட்டும் அதே அளவுக்குத்தான் இறங்கும். சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையிலிருந்த ஏற்றம் மட்டும் போய்விடும்.

நீண்ட முன்னிசை

ஸ்பொட்டிஃபை 30 விநாடி கேட்ட பிறகே ஒரு தடவையாகக் கணக்கெடுக்கிறது. குரல் அதற்கு வெகு முன்பே வரட்டும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலடி வீட்டில் குரற்பதிவு

25 நாளும் ஒலிபெருக்கி. வேண்டாம்.

அவசர வெளியீடு

ஸ்பொட்டிஃபையின் பாடற்பட்டியல்களில் சேர்க்கச் சொல்லி அதன் ஆசிரியர் குழுவிடம் பாட்டை முன்வைப்பதென்றால், வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். பிரிந்துபோனவளின் பிறந்தநாளன்றே வெளியிட வேண்டும் என்று முதல்நாள் மாலை மிக்சிங்குக்கு வந்து நிற்பவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.