மாவுக்கட்டுக் கையோடு ஆறு வாரம் சமைத்த விதம்

போன வருடம் ஆடி மழையில் எங்கள் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ரங்கூனில் பழைய மாடிவீடுகளின் படிகள் எவ்வளவு செங்குத்து, எவ்வளவு இருட்டு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவர் கப்பலில் இருந்தார். வீட்டில் நானும் பன்னிரண்டு வயது மகளும்தான். இரண்டு நாள் கீழ்வீட்டு அக்கா சோறு கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் நானே அடுப்படிக்குப் போனேன்.

எனக்கு வழி காட்டியது அப்பா. கோயில் திருவிழாவுக்கு அண்டாவில் சமைத்தவர் அவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகும், கடைசிவரை தன் குழம்பைத் தானே வைத்துக்கொண்டார். அவர் சொல்லுவார்: "ஒரு கை வேலை செய்யுதும்மா, இன்னொரு கை சும்மா பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. பிடிக்கிறதுக்கு வேற ஆளைப் பாரு." வெங்காயத்தைப் பிடிப்பது, பாத்திரத்தின் காதைப் பிடிப்பது, பாட்டிலைப் பிடிப்பது, இதெல்லாம்தான் அந்த இன்னொரு கையின் வேலை. அதை ஈரத்துணி செய்யும், ஆணி செய்யும், மேஜை இழுப்பறை செய்யும், நம் காலும் செய்யும்.

ஈரத்துணியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்து மேடையில் விரித்து, அதன் மேல் கிண்ணத்தையோ பலகையையோ வையுங்கள். நகரவே நகராது. பிழிவதற்கு இன்னொரு கை வேண்டுமே என்றால், குழாயின் கழுத்தில் துணியைச் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்து ஒரே கையால் முறுக்கலாம். மூடி திறக்க, பாட்டிலை இழுப்பறைக்குள் நிறுத்தி, இடுப்பால் இழுப்பறையைத் தள்ளி இறுக்கிக்கொண்டு திருகுங்கள். மசாலா பாக்கெட்டைப் பல்லால் கிழிக்க வேண்டாம். ஒரு டம்ளருக்குள் நிமிர்த்தி வைத்துக் கத்தரியால் வெட்டலாம்.

காய் நறுக்குவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. அரிவாள்மனை. கத்தி என்றால் ஒரு கை கத்தியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை காயைப் பிடிக்க வேண்டும். அரிவாள்மனையில் கத்தி தானாக நிற்கிறது, காலால் பலகையை அழுத்திக்கொள்கிறோம், கைக்குக் காயைத் தள்ளுகிற வேலை மட்டும்தான். கோஸ், பூசணி, கத்தரிக்காய், ஒரு பிடி காராமணிக்காய் எல்லாம் இடது கையாலேயே நறுக்கினேன். பழக்கமில்லாத கை என்பதால் முதல் வாரம் ரொம்ப மெதுவாக. ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: கடைசி ஒரு அங்குலத்தை நறுக்கவே வேண்டாம். அந்தத் துண்டை அப்படியே குழம்பில் போட்டுவிடுங்கள். பூண்டு, சின்ன வெங்காயம் மாதிரிப் பொடிச் சாமான்களுக்கும் அரிவாள்மனை வேண்டாம்.

தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு இது சரிவராது. அப்பாவுக்கும் வரவில்லை. அவருக்காகத் தச்சரிடம் சொல்லி ஒரு கனமான பலகையில், அடியிலிருந்து மேலே வரும்படி இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை அடித்து வாங்கினோம். மேலே இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். வெங்காயத்தையோ உருளைக்கிழங்கையோ அதில் குத்தி நிறுத்திவிட்டால், ஒரு கையால் தோலும் உரிக்கலாம், கத்தியால் நறுக்கவும் செய்யலாம். பலகைக்கு அடியிலும் ஈரத்துணி வேண்டும். வேலை முடிந்ததும் ஆணியின் மேல் ஒரு தக்கையைச் செருகிவிடுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்துவிட்டால் உரிப்பது இன்னும் சுலபம்.

பக்கவாதம் வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழுந்த கையில் உணர்ச்சி இல்லாமல் போயிருக்கலாம். சூடு பட்டாலும் தெரியாது, கத்தி பட்டாலும் தெரியாது. அப்பா அந்தக் கையை மடியில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். என்னைப் போல் மாவுக்கட்டுக்காரர்கள், கழுத்திலிருந்து தொங்கும் துணியின் முனை அடுப்பின் பக்கம் போகாமல் செருகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், என்ன சமைப்பது?

பர்மாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அத்தோ என்ற கலவைச் சாப்பாட்டின் பர்மியப் பெயருக்கே கையால் கலந்தது என்றுதான் அர்த்தம். கலப்பதற்கு ஒரு கை போதும். வறுத்த வெங்காயம், வெங்காயம் பொரித்த எண்ணெய், வறுத்த கடலை மாவு, இடித்த வேர்க்கடலை, வறுத்த மிளகாய்த் தூள் எல்லாம் சந்தையில் தயாராகக் கிடைக்கும். சூரத்தி பஜார் என்று பெரியவர்கள் சொல்லும் தெய்ஞ்சி சந்தைக்குப் போகும் அக்காவிடம் சொல்லி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கி, அகல வாய் டப்பாக்களில் போட்டு, மூடியை இறுக்காமல் வைத்தேன். அந்த டப்பாக்கள்தான் அந்த ஆறு வாரமும் எனக்கு அடுப்படி.

செய்முறை இதுதான். ஈரத்துணி மேல் கிண்ணம். அதில் இரண்டு கைப்பிடி வேகவைத்த நூடுல்ஸ், அல்லது ஆறின சோறு, அல்லது கடலை மாவில் செய்த மஞ்சள் தோஃபுத் துண்டுகள். ஒரு கைப்பிடி கோஸ். வறுத்த கடலை மாவு ஒரு மேஜைக் கரண்டி, வெங்காய எண்ணெய் ஒரு மேஜைக் கரண்டி, கெட்டிப் புளித்தண்ணீர் இரண்டு மேஜைக் கரண்டி, வேர்க்கடலை, மிளகாய்த் தூள், உப்பு. மீன் சாஸ் சாப்பிடுகிறவர்கள் உப்பைக் குறைத்துக்கொண்டு சில சொட்டு விடலாம். நன்றாகப் பிசைந்து, மேலே வறுத்த வெங்காயம். கடலை மாவுதான் புளியையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடிக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். தக்காளியை வெட்ட முடியவில்லையா? பழுத்ததாக எடுத்துக் கிண்ணத்துக்குள்ளேயே நசுக்குங்கள், அந்தச் சாறும் நன்றாக இருக்கும்.

காலையில் தெருவில் பேபியோ என்று கூவி விற்கும் அவித்த பட்டாணி இன்னும் சுலபம். அதில் வெங்காய எண்ணெயும் உப்பும் போட்டுச் சூடான சோற்றோடோ நான் ரொட்டியோடோ சாப்பிடலாம். நறுக்க ஒன்றுமே இல்லை. வாங்குவதற்கு நாலு மாடி இறங்க வேண்டியதும் இல்லை, பால்கனிக் கயிறு இருக்கிறதே. கயிற்று நுனிக் கிளிப்பில் பணத்தை மாட்டி இறக்கினால் பையை மாட்டிவிடுவார்கள். ஒரு கையால் இழுக்கும்போது, ஒவ்வொரு முழத்துக்கும் கயிற்றைக் கம்பியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த முழத்தை இழுங்கள். பை இலேசாக இருக்கட்டும். அரிசி, எண்ணெய்க்கு வேறு யாரையாவது கேளுங்கள்.

சூடான சாப்பாட்டுக்கு கரன்ட் குக்கரை நம்பினேன். மூடியைப் பொருத்தித் திருகும் பிரஷர் குக்கர் வேண்டாம், கஞ்சி வடிக்கும் சோறு வேண்டவே வேண்டாம். கொதிக்கிற பானையை ஒரு கையால் சாய்ப்பது பெரிய ஆபத்து. நான் அடிக்கடி வைத்தது பருப்புச் சோறு. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் மைசூர்ப் பருப்பு, நாலரை டம்ளர் தண்ணீர், மஞ்சள் தூள், நசுக்கிய தக்காளி இரண்டு, முழுப் பூண்டுப் பல் ஐந்தாறு, கடைசியில் உப்பு. மைசூர்ப் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், பிரஷர் தேவையில்லை. ஆனால் பொங்கும், அதனால் குக்கரில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தைத் தூக்கிப்போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டாம். அதைக் குக்கரிலேயே வைத்துவிட்டு, குவளையால் கொண்டுவந்து ஊற்றுங்கள். வெந்ததும் பாத்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம், தட்டைக் குக்கரின் பக்கத்தில் வைத்துக் கரண்டியால் எடுத்துப் போடுங்கள். கரன்ட் எப்போது இருக்கும் என்பது எங்கள் தெருவில் நாளுக்கு நாள் மாறும். வந்ததும் முதல் வேலையாகக் குக்கரைப் போட்டுவிட்டு, வெந்நீர் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் எடுத்துவைப்பேன். கரன்ட் இல்லாதபோது அந்த வெந்நீரில் சேமியாவை ஊறவைத்தாலே ஒரு வேளை ஓடிவிடும்.

கழுவிய முட்டையைக் குக்கரின் ஆவித்தட்டில் வைத்தால் சோற்றோடு வெந்துவிடும். உரிக்கத் தெரியாமல் இரண்டு நாள் பாடுபட்டேன். பிறகு அப்பா செய்தது ஞாபகம் வந்தது: ஆறின முட்டையை ஈரத்துணியின் மேல் வைத்து ஓட்டோடு குறுக்கே ஒரே வெட்டு, ஸ்பூனால் உள்ளே சுற்றி எடுத்துவிடுவது. ஓட்டுத்துணுக்கு ஒட்டியிருந்தால் தண்ணீரில் காட்டினால் போய்விடும்.

வதக்குவதையும் பொரிப்பதையும் கட்டு பிரிக்கும்வரை தள்ளிப்போட்டேன். கட்டாயம் வதக்கத்தான் வேண்டும் என்றால், கனமான சட்டியாக எடுத்து, அதன் கைப்பிடி சுவரில் முட்டி நிற்கும்படி வையுங்கள். அப்போதுதான் கிளறும்போது சட்டி சுற்றாது.

சமைத்த பிறகு சாப்பிடுவது இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. வலது கைக்குப் பழகிய நாம் இடது கையால் சோற்றைத் தொடும்போது மனம் ஒப்புவதில்லை. முதல் நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அப்பா கடைசிக் காலத்தில் கோயில் அன்னதானத்துக்கு ஏன் வரமாட்டேன் என்றார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கால் வலிக்கிறது என்று அவர் சொல்ல, நாங்களும் நம்பியிருந்தோம்.

மறுநாள் மகள் மேஜையில் இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. கட்டு பிரிக்கும்வரை அவளும் ஸ்பூனால்தான் சாப்பிட்டாள். உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். குழிவான தட்டாகப் பாருங்கள், சோறு விளிம்பில் முட்டி ஸ்பூனுக்குள் ஏறும். தட்டுக்கு அடியிலும் அந்த ஈரத்துணியைப் போட்டுவிடுங்கள்.