எண்ணெய்க் கிணறுகளில் பல்பகுதியப் படிவு: பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கும் முறை

எண்ணெயை வெளியே தள்ளுவதற்காக எண்ணெய்ப் பாறைக்குள் நீரைச் செலுத்தும்போது, அந்த நீர் தடித்த எண்ணெயைத் தள்ளாமல் இலகுவான வழிகளால் விலகி ஓடிவிடுகிறது. அதனைத் தடுப்பதற்காக, பகுதியாக நீர்ப்பகுக்கப்பட்ட (நீருடனான தாக்கத்தால் ஓரளவு மாற்றப்பட்ட) பொலிஅக்கிரிலமைட்டு என்னும் பல்பகுதியத்தை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளைக் கரைத்து நீரின் பாகுமையை (தடித்த தன்மையை) கூட்டுகின்றனர். சீனாவின் டாச்சிங், இராஜஸ்தானின் மங்களா ஆகிய எண்ணெய் வயல்களில் இம்முறை பெரிய அளவில் கையாளப்படுகிறது. சிக்கல் தொடங்குவது பிறகுதான்: உள்ளே சென்ற பல்பகுதியம் ஒருநாள் எண்ணெயுடன் மேலே வந்து, வடிகட்டிகளை அடைத்து, சூடாக்கும் கருவிகளின் குழாய்களில் தடிப்பாகப் படிகிறது.

பல்பகுதியத்தின் மீது மட்டும் குற்றம் சுமத்துவது சரியன்று என்பது எனது கருத்து. தூய நீரில் அது அமைதியாகக் கரைந்தே இருக்கும். கல்சியம், இரும்பு, நேரேற்றமுள்ள இரசாயனங்கள், வெப்பம் ஆகியவற்றின் கூட்டுத்தான் அதனைப் படிய வைக்கிறது. யாழ்ப்பாணத்தில் இதனைக் காட்டுவது எளிது. நமது கேத்தில்களில் வெள்ளைப் படிவை உண்டாக்கும் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரே இதற்குப் போதுமானது.

தேவையானவை: நீர்ச் சுத்திகரிப்புக்கு விற்கப்படும் அனயன் வகை (மறையேற்றமுள்ள) பொலிஅக்கிரிலமைட்டுத் தூள், காய்ச்சி வடித்த நீர், கிணற்றுநீர், படிகாரம், வடிதாள், குழாயி, முகவைகள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கரைசல் தரையில் சிந்தினால் எண்ணெயைவிட மோசமாக வழுக்கும், உடனே துடையுங்கள்.

படி 1. இரண்டு முகவைகளில், ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றதில் கிணற்றுநீருமாக, 500 மில்லிலீற்றர் வீதம் எடுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடிக்கோலால் சுழலவிட்டு, 0.5 கிராம் தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால், வெளியே குழைந்தும் உள்ளே உலர்ந்தும் இருக்கும் கட்டிகள் உருவாகும். வயல்களில் வடிகட்டிகளை முதலில் அடைப்பவற்றுள் இத்தகைய கட்டிகளும் உண்டு. மின்கலக்கியைப் பயன்படுத்த வேண்டாம். அதன் வேகம் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடும். மூடிவைத்து ஓரிரவு விடுங்கள்.

படி 2. ஒவ்வொரு கரைசலும் குழாயியிலிருந்து வடிய எடுக்கும் நேரத்தை அளவிடுங்கள். கிணற்றுநீர்க் கரைசல் விரைவாக வடியும். பல்பகுதியச் சங்கிலியிலுள்ள மறையேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அது விரிந்து நிற்கிறது. கல்சியம், மகனீசியம் முதலிய அயன்கள் அந்தத் தள்ளுகையைத் தணிக்கவே, சங்கிலி சுருண்டு பாகுமை குறைகிறது. படிவதற்கு முன்னோடியான நிலை இது.

படி 3. படிகாரத்தை நீரில் கரைத்து, காய்ச்சி வடித்த நீர்க் கரைசலின் ஒரு பகுதிக்குள் துளித்துளியாகச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். மூவலுவுள்ள (மூன்று நேரேற்றங்களுள்ள) அலுமினிய அயன் பல சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதால், பிசுபிசுப்பான வெண்திரள் தோன்றிக் கோலில் ஒட்டும். எண்ணெய் வயலில் இந்த வேலையைப் பெரும்பாலும் இரும்பு செய்கிறது. குழாய் அரிப்பைத் தடுக்கவும் எண்ணெயையும் நீரையும் பிரிக்கவும் சேர்க்கும் பொருள்களுள் கற்றயன் (நேரேற்றமுள்ள) வகையைச் சேர்ந்தவையும் இதேபோலப் பல்பகுதியத்துடன் சேர்ந்து பசையாகின்றன. ஒரு சிக்கலைத் தீர்க்க ஊற்றிய மருந்தே மறு சிக்கலாவதால், பொறியியலாளர்கள் அவ்விரசாயனங்களைப் பல்பகுதியத்துடன் முன்கூட்டியே கலந்து சோதிக்கின்றனர்.

படி 4. படிகாரம் சேர்த்ததையும் சேர்க்காததையும் தனித்தனி வடிதாள்களில் ஊற்றி ஒப்பிடுங்கள்.

வெப்பத்தின் பங்கை இங்கு செய்து காட்ட முடியாது. ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல், பல நாட்களாக, மூலக்கூற்றின் அமைட்டுக் கூட்டங்கள் மேலும் நீர்ப்பகுப்படைந்து மறையேற்றம் மிகுவதால், முன்பு பொறுத்துக்கொண்ட அதே அளவு கல்சியத்துடனும் அது வீழ்படிவாகிறது. சூடாக்கிக் குழாயின் சுவர் திரவத்தைவிட மிகவும் சூடானது. அங்கு ஒட்டிய படலம் காய்ந்து இறுகி, வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுக்க, உலோகமே அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதடைகிறது. வீழ்படிவைச் சட்டியில் காய்ச்சி இதனைப் பார்க்க முயலாதீர்கள். கருகும்போது நச்சுப் புகை எழும்.

படி 5. திரளை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறும் நீரிலும் மற்றதை ஐதான சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலிலும் இட்டு மறுநாள் பாருங்கள். ஒட்சியேற்றி சங்கிலியை அறுப்பதால் இரண்டாவது தளர்ந்திருக்கும். உண்மையான படிவில் எண்ணெய், காபனேற்று (சுண்ணப் படிவு), இரும்புச் சல்பைட்டு ஆகியனவும் கலந்திருப்பதால், ஒரே திரவத்தால் அதனைக் கழுவிவிட முடியாது. எண்ணெயைக் கரைப்பானாலும், பல்பகுதியத்தை ஒட்சியேற்றியாலும், காபனேற்றை அமிலத்தாலும், இடையிடையே நன்றாக அலசியபடி நீக்க வேண்டும். ஐப்போகுளோரைற்றுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். இரும்புச் சல்பைட்டில் அமிலம் பட்டால் ஐதரசன் சல்பைட்டு வெளிப்படும். இரண்டும் உயிர் பறிப்பவை. ஆகவே இச்செய்முறையில் வினாகிரியைக்கூட அருகில் வைக்க வேண்டாம்.

எஞ்சியவற்றை வளவில் ஊற்றாதீர்கள். நமது சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்திருப்பதால், நிலத்தில் விட்டது விரைவாகக் கிணற்றை அடையும். வணிகத் தூளில் அக்கிரிலமைட்டு மிகச் சிறிதளவு எஞ்சியிருக்கலாம். அகன்ற தட்டில் ஊற்றி வெயிலில் உலரவிட்டு, உரித்தெடுத்த படலத்தை ஆய்வுகூடத்தின் இரசாயனக் கழிவுடன் சேர்த்துவிடுங்கள்.