கமிஷனைக் கூட்டாதீர்கள், வகுத்துப் பாருங்கள்

ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருவர் போன வாரம் தன் கொட்டேஷனை அனுப்பி, "சரியா இருக்கா பாருங்கக்கா" என்றார். பார்த்தேன். நான் ஆரம்பத்தில் போட்ட அதே தப்புக் கணக்கு. போன மாதம் வேறொருவர் கொண்டுவந்ததும் இதுதான். கெடு தவறாதீர்கள், இன்வாய்ஸ் அனுப்ப மறக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

கமிஷனை மேலே கூட்டிக் கேட்பது

கையில் 1000 டாலர் வர வேண்டும், வேலை பிடித்துத் தரும் இணையதளம் கமிஷனாக 20 சதவீதம் பிடிக்கும், அப்படியானால் 1200 கேட்டால் சரியாகிவிடும். இதுதான் அந்தக் கணக்கு. சரியாகாது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் 1000-த்திலிருந்து யாரும் பிடிப்பதில்லை. வாடிக்கையாளர் கட்டும் 1200-லிருந்துதான் பிடிப்பார்கள். 240 போய்விடும், 960 வரும். 1000-ஐ 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1250. அதில் 20 சதவீதம் 250, மிச்சம் முழுசாக 1000.

வெறும் 40 டாலர்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு வாடிக்கையாளரின் வீடியோக்களுக்கு 14 மாதம் சப்டைட்டில் போட்டேன், மாதம் 1200 என்று பேசி. மொத்தம் 560 டாலர், அதாவது அரை மாதத்துக்கும் மேல் சும்மா உழைத்திருக்கிறேன். கண்டுபிடித்ததும் ரேட்டை ஏற்றச் சொன்னேன். "நீங்கள் சொன்ன ரேட்தானே?" என்று பதில் வந்தது. அவர் சொன்னது நியாயம்தான். யாராவது ஏமாற்றியிருந்தால் அவரைத் திட்டியாவது தீர்த்திருக்கலாம். இது பள்ளிக்கூடத்துச் சதவீதக் கணக்கு! இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அப்புறம், பிடித்தம் தளத்தோடு நிற்காது. பணம் அனுப்பும் சேவை ஒரு பங்கு எடுக்கும், வங்கி ஒரு பங்கு எடுக்கலாம். நாணய மாற்றத்தில் எடுப்பது கண்ணுக்கே தெரியாது. "கட்டணம் இல்லை" என்று போட்டிருப்பார்கள், ஆனால் தரும் விகிதம் சந்தை விகிதத்தைவிடக் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் கட்டணம். அது 3 சதவீதம் என்று வையுங்கள். கடைசிப் பிடித்தத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்: 1000-ஐ 0.97-ஆல் வகுத்து, வந்ததை 0.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1289. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய தொகை அது.

பழைய சதவீதத்தை நம்புவது

ஃபைவர் என்ற தளம் 20 சதவீதம் எடுக்கிறது. அப்வொர்க் என்ற தளத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் சம்பாதிக்கும் முதல் 500 டாலருக்கு 20, அதற்கு மேல் 10, பிறகு 5 சதவீதம் என்று இருந்தது. 2023-ல் எல்லாவற்றுக்கும் 10 ஆக்கினார்கள். 2025-ல் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்படி 0 முதல் 15 வரை என்று வைத்தார்கள். என் எக்செல் ஷீட்டில் சதவீதத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் அதைப் புதிதாக நிரப்புவேன்.

வேலை நேரத்தை மட்டும் எண்ணுவது

ஆடியோவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்கு ஆடியோ நிமிடத்துக்கு இவ்வளவு என்பார்கள். ஒரு மணி நேர ஆடியோ என்றால் ஒரு மணி நேர வேலை இல்லை, தெளிவாக இருந்தாலே சுமார் நான்கு மணி நேரம் பிடிக்கும். எனக்கு வந்த ஒரு பதிவில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், மைக் பக்கத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "ஆமா, ஆனா" என்பதற்கு அடுத்த சொல்லைப் பிடிக்க ஒன்பது முறை பின்னால் ஓட்டினேன். இப்போது ஐந்து நிமிடம் கேட்டுப் பார்க்காமல் ரேட் சொல்வதில்லை. ப்ரொபோசல் எழுதியது, திருத்தங்களுக்காகப் பேசியது எல்லாம் சேர்த்து வந்த பணத்தை வகுத்தால்தான் மணிக்கு என்ன கிடைத்தது என்று தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுப்பது

ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் உண்டென்றால், சேர்த்து எடுங்கள்.

இலவச மாதிரி

வேண்டாம்.

தளத்துக்கு வெளியே வாங்கிக்கொள்வது

கமிஷன் மிச்சமாகும்தான். ஆனால் விதியை மீறியதற்குத் தளம் உங்கள் கணக்கை முடக்கலாம். எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை தளம் பிடித்து வைத்திருக்கும் இடத்தில், பணம் இருக்கிறது என்ற தைரியமும் போய்விடும். ஒரே ஒரு முறை செய்தேன். கோப்பை வாங்கிக்கொண்ட ஆள் அதற்குப் பிறகு ஒரு மெயிலுக்கும் பதில் போடவில்லை.

அந்தப் பெண் நேற்று கொட்டேஷனைத் திருத்தி அனுப்பினார். 1200 இருந்த இடத்தில் 1250. நாணய மாற்றத்தை விட்டுவிட்டார். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.