செதில் பூச்சிக்கு எண்ணெய் தெளிக்கும் நாளை ஒட்டுநாடா காட்டும்

செம்பருத்தி, அரளி, மாமரம் போன்றவற்றின் கிளையில், சிறு ஓடு போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சி தென்பட்டால், உடனே மருந்து தெளிக்காமல், அதன் அருகே இருபக்கமும் ஒட்டும் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, வாரந்தோறும் மாற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் தூசியளவுப் புள்ளிகள் ஒட்டியிருந்தால், அவை தாயின் ஓட்டுக்கு அடியிலிருந்து புறப்பட்ட குஞ்சுகளாக இருக்கும். பூச்சிகளைக் கொல்லச் செடிகளில் தெளிக்கும் தோட்டக்கலை எண்ணெயை இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்க அதுவே தக்க வேளை. முதிர்ந்த பூச்சியை அதன் மெழுகுப் போர்வை காக்கிறது. அது இல்லாத குஞ்சையோ எண்ணெய் மூச்சடைக்கச் செய்து கொன்றுவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசந்தம் செப்டம்பரில் தொடங்குவதால், வடகோளத்து நூல்கள் சொல்லும் மே, ஜூன் கணக்கை நம்பாமல் நாடாவை நம்புவதே நல்லது.

நகத்தால் சுரண்டும்போது ஈரமின்றிப் பொடியாக உதிர்ந்தால் அந்தப் பூச்சி முன்பே செத்தது, தெளிப்பது வீண்செலவு. கடும் வெயிலிலும், நீரின்றி வாடிய செடியிலும் எண்ணெய் இலையைக் கருக்கிவிடும். காட்டுச் சப்பாத்திக்கள்ளியில் வெண்பஞ்சு போல அப்பியிருக்கும் காக்கினீல் பூச்சியும் செதில் பூச்சி வகைதான்; ஆனால் அது அந்தக் களையை அடக்குவதற்கென்றே தென்னாப்பிரிக்காவில் விடப்பட்டது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.