இரண்டு இட்லிக்கு ஒன்றரைக் கிலோவா?

உடல் எடையை 84 கிலோவிலிருந்து 71க்கு இறக்கியாச்சு. இனி இப்படியே நிறுத்தினால் போதும் என்று காலையில் இரண்டு இட்லியும் மதியம் ஒரு கரண்டி சோறும் கூட்டினேன். நாலே நாளில் 72.5. பயந்துபோய் சோற்றை நிறுத்தினால் இறங்கும், சேர்த்தால் ஏறும். மூன்று வாரம் இதே கூத்து. எடை மெஷினுக்குப் பேட்டரிகூட மாற்றிப் பார்த்தேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர 11,000 கலோரிக்கு மேல் மிஞ்ச வேண்டும். ஏறியது பெரும்பாலும் தண்ணீர்: மாவுச்சத்து தசையில் கிளைக்கோஜனாக, அதாவது உடல் சேமித்துவைக்கும் சர்க்கரையாக, சேரும்போது கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நீரையும் பிடித்துவைக்கும். பெல்ட் அதே ஓட்டையில்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

சோற்றில் கை வைக்காமல், ஏழு நாள் சராசரியை மட்டும் குறித்தேன். 72.4, 72.5, 72.3. ஆறு மாதமாக அங்கேயே நிற்கிறது. இட்லிப் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயை மட்டும் இப்போது ஸ்பூனில் அளக்கிறேன்.