கல்லூரியில் இஸ்லாம் பற்றிப் பேச உட்காருவதற்கு முன்னால்

கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். உங்கள் வகுப்பு முஸ்லிம் மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா, 'பாய்' என்றா? மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் 'பாய், பிரியாணி எப்போ?' என்பதைத் தாண்டி எதுவும் பேசாத வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அவருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிப் பழகுங்கள்.

சரி, கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். செமினார் ஹாலும் மைக்கும் வேண்டாம், மைக்கைப் பிடித்தவுடன் எல்லாரும் மேடைப்பேச்சில் இறங்கிவிடுவார்கள். ஹாஸ்டல் மொட்டை மாடியோ காலி வகுப்பறையோ சரியான இடம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை என்பதால் அப்போது வைக்காதீர்கள். ரமலான் மாதத்தில் மாலையில் வைத்தால், நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அப்புறம் கேள்விகளை வாயால் கேட்க விடாமல் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பெயர் இல்லாமல். நாங்கள் முதல் தடவை ஒரு பழைய ஷூ டப்பாவை வைத்தோம். 'நோன்பில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?', 'பள்ளிவாசலுக்குள் நாங்கள் வரலாமா?' என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நாலாக மடித்த ஒரு சீட்டு: 'உங்கள் தெருவில் வீடு பார்க்க வேண்டாம் என்கிறார் அப்பா, ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.' யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு முஸ்லிம் மாணவி, 'எங்களுக்கும் உங்கள் தெருவில் யாரும் வீடு கொடுப்பதில்லை' என்றாள். அன்றைக்கு ஒன்பது மணி வரை பேசினோம்.

இதில் எல்லாரும் செய்கிற தப்பு, இருக்கிற ஒரே முஸ்லிம் மாணவரை நடுவில் உட்காரவைத்து மதத்துக்கே பதில் சொல்லச் சொல்வது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 42 லட்சம் முஸ்லிம்கள். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, வீட்டில் உருது பேசுகிறவர்கள் என்று எத்தனையோ பேர். தர்காவுக்குப் போகலாமா என்பதிலேயே ஒரே குடும்பத்துக்குள் இரண்டு கருத்து இருக்கும். ஒரே மூச்சில் மூன்று முறை 'தலாக்' சொல்லி மனைவியை விவாகரத்து செய்கிற உடனடி முத்தலாக்கை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் தீர்ப்பு வாங்கியவர்களும் முஸ்லிம் பெண்கள்தான். அதனால் 'இஸ்லாம் என்ன சொல்கிறது?' என்பதை விட 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் உண்மையாக வரும். ஹிஜாப் பற்றிய கேள்விக்குப் பெண்களே பதில் சொல்லட்டும், சொல்ல விருப்பம் இருந்தால் மட்டும். ஜிஹாத், பயங்கரவாதம் மாதிரியான கேள்விகளை ஒதுக்க வேண்டாம், ஆனால் முதல் நாளே எடுக்காதீர்கள், மூன்றாவது சந்திப்பில் எடுங்கள். யாராவது வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டினால் அங்கேயே சண்டை பிடிக்காமல், அதை நம்புகிற ஒருவரும் நம்பாத ஒருவரும் சேர்ந்து தேடிப் பார்த்து அடுத்த வாரம் சொல்லட்டும்.

தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவரை அழையுங்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் எல்லாம் தமிழ்ச் சொற்கள்; 'பள்ளி' ஒரு காலத்தில் சமணர் தங்கிய இடத்துக்கும் பெயர். நபிகள் வாழ்க்கையைப் பாட வந்த உமறுப் புலவர், சீறாப்புராணத்தில் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலுமாகத் தமிழ் நிலம் போலவே வருணிக்கிறார். அதில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை உட்கார்ந்து வாசியுங்கள்: வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்ல, நபிகள் அதற்காகப் பிணை நிற்கிறார். அந்த மான் திரும்பி வரும் இடத்தை வாசித்த பிறகு நடக்கிற பேச்சு வேறு தரத்தில் இருக்கும்.

கடைசியாக ஒரு நாள் பள்ளிவாசலுக்குப் போங்கள். ஜமாஅத்தில், அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், பல ஊர்களில் சந்தோஷமாக வரவேற்பார்கள். சென்னையில் இருந்தால் ரமலானில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல். 1795இல் கட்டியது. அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பல வருடங்களாகப் பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள், சிந்தி இந்துக்கள். வேறு ஊர் என்றால் உங்கள் தெருப் பள்ளிவாசலே போதும். மதியமே பெரிய அண்டாவில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு போட்டுக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்திருப்பார்கள், தெருமுனையிலேயே மணக்கும். தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், எல்லா வீட்டுப் பிள்ளைகளும். செருப்பை வெளியே விடுங்கள், கைகால் கழுவுங்கள், அவர்களோடு வரிசையில் உட்காருங்கள். கிண்ணம் முன்னால் வந்தவுடனே எடுத்துவிடாதீர்கள். தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் பேரீச்சம்பழத்தை நீட்டுவார்.