தார்சு (கான்கிரீட் கூரை) போடும்போதே வெயிலைத் தடுக்க: புது வீடு கட்டுவோருக்கு

ஈரோடு, கரூர், தாராபுரம் பக்கம் சித்திரை மாதம் இரவு பத்து மணிக்குக்கூட மாடி அறையில் படுத்தால் மேலிருந்து அனல் இறங்கும். பகலெல்லாம் கான்கிரீட் வாங்கிய வெயில் அப்போதுதான் அறைக்குள் வருகிறது. ஏ.சி. அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. குடியேறிய பிறகு இதைச் சரிசெய்ய மாடித் தள ஓடுகளைப் பெயர்க்க வேண்டிவரும். அதனால் கட்டும்போதே செய்துவிடுங்கள்.

படி 1: வரைபடம்

கொங்கு நாடு ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் விழும். எனவே கூரைதான் முதல் எதிரி. அடுத்தது மேற்குச் சுவர். மாடிப்படியையும் குளியலறையையும் மேற்கே தள்ளுங்கள். தென்மேற்கான கன்னி மூலையில்தான் படுக்கையறை என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் மறுக்க வேண்டாம்; பெரிய ஜன்னலைத் தெற்கே வைத்து, மேற்கு ஜன்னலைச் சிறிதாக்குங்கள். அடியோடு அடைத்துவிடாதீர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது.

படி 2: சுவர்

ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கட்டி) செங்கலைவிட வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும். செங்கல்தான் வேண்டும் என்பவர்கள் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைக் கேட்கலாம். செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் காற்று இடைவெளி விடும் முறை அது. கால்வாசிச் செங்கல் மிச்சமாகும். பழகிய கொத்தனார் வேண்டும் என்பதால், முதலில் மதில் சுவரில் கட்டச் சொல்லிப் பாருங்கள்.

படி 3: தார்சு

பணத்தை இங்கேதான் கொட்ட வேண்டும். 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (அடர்த்தியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை) வெப்பத்தைத் தடுக்கும் அளவுக்குக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால், தளம் இரண்டு மீட்டருக்கும் மேல் கனமாக இருக்க வேண்டும்! மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதி, கூரை வழியே வெப்பம் கடத்தப்படும் அளவுக்கு (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு) 1.2 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டும். இந்தப் பலகை போட்டால் அந்த உச்சவரம்பில் பாதியளவுக்கு இறங்கிவிடும்.

வரிசை மாறக் கூடாது. சோலார் தாங்கி, தண்ணீர்த் தொட்டி, குழாய் எல்லாவற்றுக்குமான துளைகளை முதலில் முடியுங்கள். மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் கொடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடியுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசி, பூச்சைச் சுவரிலும் ஓரடி ஏற்றுங்கள். பிறகு இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழே அறைக்குள் நின்று விளிம்பு விளிம்பாகப் பாருங்கள். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள். ஐப்பசி மழையில் ஒழுகினால் மேலே போட்ட அத்தனையையும் உடைக்க வேண்டும்.

கசிவு இல்லையென்றால் பலகையைப் பரப்பலாம். தெர்மாகோல் வாங்கிவிடாதீர்கள், அது எக்ஸ்.பி.எஸ்.ஸைவிட அதிகம் நீர் குடிக்கும். ஓரங்கள் படிபோல வெட்டப்பட்ட பலகையாகக் கேளுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமர்வதால் இடுக்கில் வெப்பம் இறங்காது. தின்னர் கலந்த பசை பலகையையே கரைத்துவிடும், தொடவே கூடாது. விரித்த பலகையை நாள்கணக்கில் வெயிலில் விடாமல், மேலே பாலித்தீன் தாள் விரித்து, கோழிவலை வைத்து இரண்டு அங்குலம் கான்கிரீட் போடுங்கள். அதன்மேல் வெள்ளை ஓடு. சிவப்புத் தட்டு ஓடு பார்க்க அழகுதான். ஆனால் வெள்ளைதான் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

படி 4: ஜன்னல்

தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேட் போதும். மாலை வெயில் சாய்ந்து அடிப்பதால் மேற்கில் சன்ஷேட் மட்டும் உதவாது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மரச்சட்டக் கதவோ தட்டியோ வையுங்கள். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். இடமிருந்தால் மேற்கே ஒரு வேம்பு நடுங்கள், அஸ்திவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி.